ஏழாம் அறையிலிருந்து ஒரு விண்டோ

வெப்பநிலை வரைபடம் திறந்தபோது தன் இடத்தைவிட்டு ஒரு விரல் அகலம் இடப்பக்கம் தள்ளி நின்றது.

வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டார்கள். அவன் கவனித்தான். நான்கு வருடமாக மதியம் ஒன்றரை மணிக்கு ஷிப்ட் ஏறி, கணினியைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை மேசை ஓரத்தில் வைத்து நிமிர்வதற்குள் எல்லா விண்டோக்களும் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இடது பாதியில் பன்னிரண்டு குளிர் அறைகளின் வெப்பநிலை, வலது மேல் மூலையில் கேமரா, அதன் கீழே வரவு போக்குப் பதிவேடு. ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், மேலே ஏறாது. அன்று வரைபடம் மட்டும் ஒதுங்கி நின்றது, பஸ்ஸில் பக்கத்தில் யாரோ உட்கார வந்ததும் நகர்ந்து இடம் விடுகிறவரைப் போல.

பக்கத்தில் யாரும் வந்திருக்கவில்லை. அந்த இடம் வெறுமையாக இருந்தது.

கோல்டு ஸ்டோரேஜின் மாடியில் இருந்தது கண்ட்ரோல் ரூம். கிடங்கில் எல்லாரும் அவனையே கண்ட்ரோல் என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே கம்ப்ரசர்கள் இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகல் தரை வழியாக ஏறி, நாற்காலிக் கால் வழியாக முதுகெலும்புக்கு வந்து, வீட்டுக்குப் போனபிறகும் கொஞ்ச நேரம் உடம்பிலேயே தங்கியிருக்கும். காற்றில் எப்போதும் லேசான அம்மோனியா நெடியும் ஈர அட்டைப்பெட்டி வாசனையும் கலந்திருக்கும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே உச்சிவெயில் என்றாலும் மழை என்றாலும் உள்ளே ஒரே ட்யூப்லைட் வெளிச்சம்தான். "ஜன்னலே இல்லாத ரூம்ல உக்காந்து நாளெல்லாம் விண்டோ திறக்கிறான் என் மச்சினன்" என்று அத்தான் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அப்படிச் சொல்ல அத்தான் இல்லை.

அவன் விதிகளின் பட்டியலைத் திறந்தான். அந்தக் கணினியில் ஓடிய லினக்ஸில் அவனுக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. எந்த விண்டோ எங்கே திறக்க வேண்டும் என்பதை அங்கே எழுதி வைக்கலாம். ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்க்கிற நான்கு டெஸ்க்டாப்களில் எதில், இடமிருந்து எத்தனை புள்ளி, மேலிருந்து எத்தனை புள்ளி, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று எழுதி, கடைசியில் 'கட்டாயம்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த விண்டோ தலைகீழாக நின்றாலும் வேறு இடத்தில் திறக்க முடியாது. புதிதாக வந்தவர்களிடம் அவன் பெருமையாகச் சொல்வான்: "எங்க திறக்கணும்னு அது முடிவு பண்ணக் கூடாது, நான் முடிவு பண்ணணும்."

பட்டியலில் பதினொரு விதிகள் இருந்தன. பத்துதான் அவன் எழுதியவை. பதினொன்றாவதில் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. இடமிருந்து ஆயிரத்து இருநூறு புள்ளி. அகலம் அறுநூற்று நாற்பது. உயரம் நானூறு. கட்டாயம்.

காலை ஷிப்டில் இருப்பவர் கண்ணாடித் தடிமனுக்காக சோடாபுட்டி என்று பெயர் வாங்கியவர். அவருக்கு மவுஸை நகர்த்திப் பாட்டு வைக்கத்தான் தெரியும். அவர் எழுதியிருக்க வாய்ப்பில்லை. அவன் அந்த விதியை அழித்தான். அழித்த பிறகும் விரல் கொஞ்ச நேரம் மவுஸின் மேலேயே இருந்தது. அறுநூற்று நாற்பதுக்கு நானூறு. அந்த அளவு எந்த விண்டோவுடையது என்று அவனுக்குத் தெரியும்.

ஏழு வாரத்துக்கு முன்னால் அந்த அளவுள்ள விண்டோவுக்கு அவன் யாருக்கும் சொல்லாமல் ஒரு விதி எழுதியிருந்தான்.

ஒவ்வொரு குளிர் அறைக்குள்ளும் கதவோரம் ஒரு பட்டன் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவர் அதை அழுத்தினால் மாடியில் திரையின் நட்டநடுவில், எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பாக ஒரு விண்டோ திறக்கும். ஆனால் பட்டன்களுக்குள் உறைபனி புகுந்து, யாரும் தொடாமலே ஷிப்டுக்கு இருபது முப்பது தடவை அது திறந்துகொண்டிருந்தது. மேனேஜரிடம் சொன்னான். "அடுத்த மாசம் மாத்திடலாம்பா" என்றார். மூன்று மாதம் அதே அடுத்த மாதம். கடைசியில் அவனே வழி கண்டுபிடித்தான். தலைப்பில் 'உதவி' என்று இருக்கும் எந்த விண்டோவும் இனி நான்காவது டெஸ்க்டாப்பில் திறக்கட்டும். சுருங்கியபடி, சத்தமில்லாமல். கட்டாயம். அவன் முதல் டெஸ்க்டாப்பை விட்டு நகர்வதே இல்லை. நான்காவதை எப்போதாவது போய்ப் பெருக்கித் தள்ளிவிட்டு வந்தால் போதும்.

அந்த விதி எழுதிப் பத்து நாள் கழித்து ஒரு மதியம் அவன் இணையத்தில் முகம் தெரியாத ஒருவருடன் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தான். ஜெயிக்கிற நிலைமை. கீழே அத்தான், சரிந்துபோன பெட்டி அடுக்கை நேராக்க ஏழாம் அறைக்குள் போனார். லோடிங் ஆட்கள் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து, குளிர் வீணாகிறதே என்று சாத்திவிட்டுப் போனார்கள். உள்பக்கக் கைப்பிடி உறைந்து இறுகியிருந்தது. நாலு மணிக்கு சரக்கு எடுக்கத் திறந்தபோது அத்தான் கதவோடு கதவாக உட்கார்ந்திருந்தார்.

கீழே கூச்சல் கேட்டதும் அவன் செய்த முதல் வேலை நான்காவது டெஸ்க்டாப்புக்குப் போனதுதான். திரையின் அடியில் சிவப்புப் பட்டைகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் ஒரே தலைப்பு: ஏழாம் அறை, உதவி. நாற்பத்தொன்று. முதலாவது இரண்டு இருபத்தொன்றுக்கு வந்திருந்தது. ஆரம்பத்தில் நிமிடத்துக்கு ஒன்று. அப்புறம் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. அப்புறம் ஐந்து. கடைசி ஒன்று மூன்று முப்பத்துநாலுக்கு, ரொம்ப நேரம் கழித்து, தனியாக. ஒவ்வொன்றிலும் 'பார்த்தேன்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் மூடும். பார்த்தேன். பார்த்தேன். பார்த்தேன். நாற்பத்தொரு தடவை அழுத்தினான். அப்புறம் விதியை அழித்தான், பதிவுக் கோப்பையும் அழித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே ஓடி, "அத்தான்! அத்தான்!" என்று அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. அவனுக்கு அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே அவர்தான்.

விசாரணையில் கேட்டார்கள். "எந்த அழைப்பும் வரலை சார்" என்றான். அத்தான் ஏன் பட்டனை அழுத்தவில்லை என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டபோது, வாயில் வந்ததைச் சொன்னான்: "காலையிலேயே லேசா வாடை அடிச்சுது சார்." வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷனைக் குடித்துவிட்டு உள்ளே படுத்துத் தூங்கியவர் என்று எழுதி முடித்தார்கள். அந்தப் பேச்சு கிடங்கிலிருந்து கிளம்பி, அக்கா குடியிருந்த தெருவுக்கு அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே இருக்க முடியாமல் தம்பி வீட்டுக்கு வந்தாள். வந்த அன்று ஒரு தடவை மட்டும் கேட்டாள். "அவரு பட்டனை அழுத்தாம இருந்திருப்பாராடா?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

பெயரில்லாத அந்தப் பதினொன்றாவது விதியை அழித்த மறுநாள் அது திரும்ப வந்திருந்தது. இடமிருந்து ஆயிரத்து நானூறு. அழித்தான். அதற்கு மறுநாள் ஆயிரத்து அறுநூறு. அன்றுதான் விண்டோவும் தென்பட்டது.

பாதிதான் தெரிந்தது. திரையின் வலது விளிம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொங்கியது. சிவப்பு. தலைப்பில் 'ஏழாம் அ' வரைக்கும் இருந்தது. 'பார்த்தேன்' பொத்தான் விளிம்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. மவுஸால் பிடித்து உள்ளே இழுத்தான். வந்தது. விட்டவுடன் வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போனது. மறுபடி இழுத்தான். மறுபடி போனது. கட்டாயம்.

எலக்ட்ரீஷியனைப் பிடித்துக் கேட்டான். "ஏழாம் அறை பட்டன்லேர்ந்து சிக்னல் ஏதும் வருதாண்ணே?"

"எந்தப் பட்டன்?" அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "உங்க அத்தான் இறந்த வாரமே அந்த ரூமை ஆஃப் பண்ணியாச்சு. லைனை நான்தான் வெட்டினேன். பட்டன் என் டூல் பேக்ல கிடக்கு. வேணும்னா எடுத்துக் காட்டட்டா?"

காட்டினார். உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பட்டன். அதன் நடுவில் பெயின்ட் தேய்ந்து, பெருவிரல் அளவுக்கு ஒரு வட்டம். அவன் அதைத் தொடவில்லை.

அன்றைக்கே லினக்ஸை முழுசாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். விதிகளின் பட்டியல் துடைத்துவிட்டதுபோல இருந்தது. மறுநாள் அதில் ஒரே ஒரு விதி உட்கார்ந்திருந்தது. இடமிருந்து இரண்டாயிரத்து நானூறு.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரையின் மொத்த அகலமே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளிதான். இரண்டாயிரத்து நானூறு என்றால் திரைக்கே வெளியே. அப்படித் திறக்கிற விண்டோவை யாரும் பார்க்கவே முடியாது. சனியன் தானாகவே தாண்டிப் போய்விட்டது என்று கால் நீட்டி உட்கார்ந்தான். பல நாளைக்கப்புறம் அன்று ஒரு முழு பாட்டில் தண்ணீர் குடித்தான்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் வலது முழங்கையில் குளிர் ஏறியது.

மேசைக்கு வலப்பக்கம், மானிட்டரை ஒட்டி ஒரு இரும்பு பீரோ. பழைய பதிவேடுகள் அதில். அதன் முகப்பில், கண் உயரத்தில், வெள்ளையாக ஒரு செவ்வகம் படர்ந்திருந்தது. தொட்டான். உறைபனி. விரல் நுனியில் உருகாமல் ஒட்டியது. நான்கு விளிம்பும் அளவுகோல் வைத்துக் கீறியதுபோல நேராக இருந்தன.

டிராயரிலிருந்து அளவுகோலை எடுத்தான். எடுக்காமலே இருந்திருக்கலாம். மானிட்டரில் ஒரு சென்டிமீட்டருக்கு முப்பத்தாறு புள்ளி. திரை முடிகிற இடத்திலிருந்து நானூற்று எண்பது புள்ளி என்றால் பதின்மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பனியின் இடது விளிம்பில் அளவுகோல் சரியாகப் போய் நின்றது. பனியின் அகலத்தை அளந்தான். பதினேழே முக்கால். அறுநூற்று நாற்பது புள்ளி.

அது திறந்திருந்தது. திரைக்கு வெளியே, இந்த அறைக்குள்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டு. தயக்கமாக, தூங்குகிறவரை எழுப்பலாமா வேண்டாமா என்பதுபோல. பீரோவைத் திறந்தான். பதிவேடுகள், ஒரு உடைந்த ஸ்டேப்ளர், பழைய தூசி வாசனை. வேறொன்றுமில்லை. கதவை மூடியபோது பனி அப்படியேதான் இருந்தது.

அதற்கப்புறம் எண் ஓட ஆரம்பித்தது. மறுநாள் பன்னிரண்டாயிரத்து எழுநூறு. கண்ட்ரோல் ரூம் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பனி. அதற்கு மறுநாள் மாடிப்படித் திருப்பத்தில். மேலிருந்து எண்ணும் கணக்கும் மாறியிருந்தது. அது கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் எடைமேடை. அப்புறம் கேட். ஒவ்வொரு நாளும் ஷிப்ட் ஏறியதும் முதலில் எண்ணைப் பார்ப்பான், கால்குலேட்டரில் தட்டுவான், எழுந்து போய்ப் பார்ப்பான். ஒருநாள்கூடக் கணக்கு தப்பவில்லை. அகலமும் உயரமும்கூட வளர்ந்தன. முதலில் நோட்டுப்புத்தகம் அளவு, அப்புறம் டீ கொண்டுவரும் டிரே அளவு, கேட்டை அடைந்தபோது நிஜமான ஜன்னல் அளவு.

பகல் மூன்று மணி வெயிலில் காம்பவுண்டு சுவர் தகித்துக்கொண்டிருந்தது. அதன் நடுவில் அந்த வெள்ளைச் செவ்வகம் மட்டும் புகைந்தபடி நின்றது. வாட்ச்மேன் அதில் முதுகைச் சாய்த்து நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார்.

"இந்த இடம் மட்டும் எப்படி ஜில்லுனு இருக்கு பாத்தியா தம்பி? புண்ணியம் கட்டிக்கிட்ட சுவரு." சட்டையை உதறியபடி விலகினார். "ஆனா அப்பப்ப முதுகுல யாரோ தட்டுற மாதிரி இருக்கு. வயசாகுதுல்ல, வாயுப் பிடிப்பு."

அவர் சாய்ந்திருந்த இடத்தில் பனி கொஞ்சம் உருகிக் கண்ணாடியைப்போல ஆகியிருந்தது. உள்ளே இருட்டு. செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் ஆழமான, நீலம் பாரித்த இருட்டு. அதில் ஒரு உள்ளங்கை வந்து ஒட்டியது. விரல்கள் சரியாக மடங்கவில்லை. நகங்கள் கறுத்திருந்தன.

அவன் அங்கிருந்து மேனேஜர் அறைக்கு நடந்து போய் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தான்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவனுக்குத் திசை உறைத்தது. கண்ட்ரோல் ரூமில் அவன் திரையைப் பார்த்து உட்கார்ந்தால் வலப்பக்கம் கிழக்கு. கேட்டும் கிழக்கு. கேட்டிலிருந்து கிளம்புகிற சாலை ஒரு வளைவு இல்லாமல் கிழக்கே போகிறது. அந்தச் சாலையின் மேல் இரண்டு கிலோமீட்டரில் அவன் வீடு.

லீவில் மூன்று நாள் அவன் படியை விட்டு இறங்கவில்லை. அக்கா சோறு போட்டுத் தட்டைக் கையில் கொடுத்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. நாலாவது நாள் மதியம் ஒரு மணிக்கு, தாங்க முடியாமல், அவனுக்காக ரெண்டு ஷிப்டும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த சோடாபுட்டிக்குப் போன் போட்டான்.

"ஒரு உதவி. விண்டோ விதிகள்னு ஒரு பட்டியல் இருக்கும். அதைத் திறந்து, இடமிருந்துன்னு போட்டிருக்கிற எண்ணைப் படிங்க."

"இருப்பா, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன். என்னது இது, லாட்டரி நம்பரா? எழுபத்தொண்ணு லட்சத்து எண்பத்தாறாயிரம் சொச்சம்னு இருக்கு."

அவன் எண்ணைக் குறித்துக்கொண்டான். "அகலம்?"

"ரெண்டாயிரத்து ஐநூறு. உயரம் ஆறாயிரத்து எண்ணூறு." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "ஏம்பா, மேல பெயர்னு ஒரு கட்டம் காலியா இருந்துச்சு. இப்ப அதுல ஏதோ தானா டைப் ஆகுது. நான் கீபோர்டுல கையே வைக்கல."

"என்ன டைப் ஆகுது?"

"ம... மச்சினன். மச்சினன்னு இருக்கு. யாரு விளையாடறது?"

அவன் போனை வைத்தான். கணக்குப் போட்டான். கைகள் தாமாகவே போட்டன. அகலம் எழுபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உயரம் நூற்று எண்பத்தொன்பது. அது ஜன்னல் இல்லை. ஒரு கதவு. தூரத்தை மீட்டரில் மாற்றி, சாலையைக் கழித்து, வாசலைக் கழித்து, கூடத்தைக் கழித்தான். மீதி வந்த எண் பின்னறைச் சுவரில் போய் நின்றது. அக்கா படுக்கிற அறை.

அக்கா கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டிருந்தவை அத்தானின் சட்டைகள்.

"அக்கா, கிளம்பு. இந்த வீட்டை விட்டுப் போயிடலாம்."

"எங்க?"

"எங்கயாவது. மேக்குப் பக்கமா. இப்பவே."

"எதுக்குடா?"

அவன் சொன்னான். சொல்லும் எண்ணம் இருக்கவில்லை. பயம் பிடித்து உலுக்கியதில் எல்லாம் கொட்டிவிட்டது. பட்டன், விதி, நான்காவது டெஸ்க்டாப், சதுரங்கம். பீரோவில் பனி, சுவரில் கை. அவள் கையிலிருந்த சட்டையின் காலரை நீவிக்கொண்டேயிருந்தாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டாரு?"

"நாப்பத்தொண்ணு."

"ஒவ்வொண்ணையும் எண்ணினியா?"

"மூடும்போது..."

"வாடை அடிச்சுதுன்னு சொன்னியே."

"பொய்க்கா."

அவள் சட்டையை மடித்து மற்றவற்றின் மேல் வைத்தாள். அவள் முகத்தில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். கோபமாவது வரும். ரெண்டும் வரவில்லை. ஏழு வாரமாக அந்த முகத்தில் இருந்த ஒரு தளர்ச்சி போய்விட்டது, அவ்வளவுதான். முழுசாக விழித்துக்கொண்டவள்போல அவனைப் பார்த்தாள்.

"மேல நீதான் இருக்கேன்னு அவருக்குத் தெரியும்" என்றாள். "தம்பி மேல இருக்கான், எந்த ஆபத்தும் வராதுன்னு என்கிட்ட சொல்லிட்டுதான் தினம் போவாரு. உன்னைத்தான்டா கூப்பிட்டிருக்காரு."

"அக்கா, நேரமில்லை..."

"எந்தச் சுவர்ல திறக்கும்?"

"உன் ரூம்ல. பீரோவுக்குப் பக்கத்துச் சுவர்."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்றரைக்கு. ஷிப்ட் ஏறுற நேரம்."

சுவர்க்கடிகாரம் ஒன்று இருபத்தெட்டு காட்டியது. அவள் எழுந்து வாசல் கதவைத் தாழிட்டாள். சாவியைத் திருகி இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்ன வயதில் ரோட்டைத் தாண்டும்போது பிடிக்கிற அதே பிடி. அப்போது அந்தப் பிடியில் அவனுக்குத் தைரியம் வரும்.

"வா."

"அக்கா, வேண்டாம். கையை விடு."

"நாப்பத்தொரு தடவை கூப்பிட்டவருக்கு ஒரு தடவை போய்த் திறந்துவிடுடா."

அவனைவிட அவள் ஒல்லி. ஆனாலும் இழுத்துக்கொண்டு போனாள். கால்கள் தரையில் தேய்ந்தன. பின்னறையில் ஜன்னல் திறந்திருந்தது. வெயில் கட்டில் மேல் மஞ்சளாகக் கிடந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி உதைத்தார்கள்.

அப்புறம் அந்தச் சத்தம் அடங்கியது.

அம்மோனியா நெடி. ஈர அட்டைப்பெட்டி வாசனை. தரைக்கடியில் மெல்ல ஒரு முனகல் எழுந்து அவன் குதிகாலுக்குள் ஏறியது. சுண்ணாம்புச் சுவரில் ஒரு கோடு. தரையிலிருந்து மேலே. வளைந்து வலப்பக்கம். மறுபடி கீழே. நேரான கோடுகள். உள்ளே வெள்ளை படர்ந்தது. வெயில் பட்ட இடத்திலும் உருகவில்லை.

தட்டு.

அக்கா அவன் கையைத் தூக்கினாள். உள்ளங்கையைப் பனிமேல் வைத்து அழுத்தினாள். எரிந்தது. எடுக்கப் பார்த்தான். தோல் ஒட்டிக்கொண்டது. மறுபக்கத்தில் இன்னொரு உள்ளங்கை வந்து அதே இடத்தில் பொருந்தியது. விரலுக்கு விரல். நடுவில் சுவர் இல்லை. மெல்லிய பனித்தகடு. அதுவும் கரைந்தது.

விரல்கள் கோத்துக்கொண்டன.

"அக்கா!"

அவள் அவன் மணிக்கட்டை விட்டுவிட்டாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கம்பளியை எடுத்தாள். உதறினாள். அவன் கை முழங்கை வரை போயிருந்தது. உள்ளே காற்றே இல்லாத குளிர். நிதானமான, அவசரமில்லாத இழுப்பு. தோள் வரை. கன்னம் பனியில் பட்டது. இமை ஒட்டியது. ஒரு கண்ணால் மட்டும் அவளைப் பார்க்க முடிந்தது.

உச்சிவெயில் அடிக்கிற அந்த அறையில், நடுங்கிக்கொண்டு வெளியே வரப்போகிறவரை வாங்கிப் போர்த்த, அவள் கம்பளியை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்கள் அவன் தோளுக்குப் பின்னால், இருட்டுக்குள் இருந்தன. அவன் பக்கம் அவை திரும்பவே இல்லை.